10,080 வகுத்திகள்: ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800. வாய்விட்டுச் சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வேட்டில் சீனிவாச ராமானுஜன் எழுதிய 63 பக்கக் கட்டுரை வெளியானது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் அடங்கிய ஒரு பட்டியல் உண்டு. சின்னஞ்சிறு எண்களில் தொடங்கும் அந்தப் பட்டியல் இந்த எண்ணோடு முடிகிறது. கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு.

இந்த எண்ணை 1ஆல் வகுக்கலாம், 2ஆல் வகுக்கலாம், 3ஆல் வகுக்கலாம். இப்படியே 28 வரை ஒவ்வோர் எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். முதன்முதலில் தடுக்கி நிற்பது 29இல். அடுத்து 30ஆல் மறுபடியும் வகுபடுகிறது. இப்படி இதை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 10,080. ஒரு வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஒரு வகுத்தி என்று இரவு பகலாக எழுதினால், ஞாயிறு காலையில் தொடங்கிய பட்டியல் அடுத்த ஞாயிறு காலையில்தான் முடியும். இத்தனை கூழாங்கற்கள் கையில் இருந்தால் அவற்றை 5,040 வெவ்வேறு செவ்வகங்களாக அடுக்கிவிடலாம்.

இது எவ்வளவு அபூர்வம் என்று உணர ஓர் ஒப்பீடு வேண்டும். இந்த எண்ணின் அக்கம்பக்கத்தில் இருக்கும் எண்களின் வகுத்திகளுக்குச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 31 வருகிறது. அந்தச் சராசரியும் ஒருசில செல்வந்தர்களால் உயர்ந்து நிற்கும் ஊர்ச் சராசரியைப் போன்றது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைத் தொட்டால் அதற்குச் சுமார் 10 வகுத்திகள் இருக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் 10,080 வகுத்திகளோடு ஒரு வீடு.

பள்ளிக்கூடத்தில் பகா எண்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். யாராலும் உடைக்க முடியாத எண்கள் என்ற பெருமை அவற்றுக்கு உண்டு. பகு எண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘பகா எண் அல்லாதவை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். பகு எண்களுக்குள்ளே இருக்கும் வேறுபாடு, பகா எண்ணுக்கும் பகு எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. இணையத்தில் ரகசியம் காக்கப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு பெரும் கணினி உழைப்புக்குப் பிறகு உடைக்கப்பட்ட ஆர்எஸ்ஏ-250 என்ற எண்ணுக்கு 250 இலக்கங்கள். அதன் வகுத்திகள் நான்கே நான்கு: 1, அந்த எண், அதற்குள் ஒளிந்திருந்த இரண்டு பகா எண்கள். அதுவும் பகு எண்தான். ஆனால் பகா எண்ணாக இருப்பதற்கு மிக அருகில் போய் நிற்கிற பகு எண். ராமானுஜன் தேடியது நேரெதிர்த் துருவத்தை. பகுபடுவதில் எல்லை வரை போன எண் எப்படி இருக்கும் என்பது அவருடைய கேள்வி.

அவர் வைத்த வரையறை எளிது. தனக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகளைப் பெற்ற எண்ணை, தமிழில் உயர்பகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை நீள்கிறது. 60க்கு 12 வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. வரிசைக்கு முடிவு உண்டா? கிடையாது, அதைக் காட்ட இரண்டு வாக்கியம் போதும். ஓர் எண்ணை இரண்டால் பெருக்கினால் அதன் பழைய வகுத்திகள் எல்லாம் அப்படியே இருக்க, புதிதாகவும் சில சேரும். ஆகவே எந்த உயர்பகு எண்ணை எடுத்தாலும், அதன் இருமடங்கை எட்டுவதற்குள் அடுத்தது வந்தே தீரும்.

வகுத்திகளை எண்ணும் முறை நமக்குப் பழக்கமானதுதான். பகாக் காரணிகளாகப் பிரித்தால் நம் எண் இப்படி வரும்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒரு வகுத்தியை உருவாக்க, 2இன் அடுக்காக 0 முதல் 6 வரை ஏழு வாய்ப்புகள், 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் எடுப்பதா விடுவதா என்று இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080.

இந்த அடுக்குகளை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. கோயில் குளத்துப் படிக்கட்டு போல இறங்கி வருகிறது. எங்கும் ஏறவில்லை, நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை, கடைசிப் படியின் உயரம் 1. உயர்பகு எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த வடிவம் உண்டு என்பது ராமானுஜன் தொடக்கத்திலேயே நிறுவிய தேற்றம். கடைசிப் படி 1 அல்லாமல் 2 ஆக நிற்கும் விதிவிலக்குகள் 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே.

காரணத்தை வீட்டுக் கணக்கு போலவே சொல்லிவிடலாம். 2இன் அடுக்கையும் 3இன் அடுக்கையும் இடம் மாற்றி 2⁴ × 3⁶ என்று வைத்துப் பாருங்கள். வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும். அதே வகுத்திகளோடு சிறிய எண் ஒன்று முன்பே இருக்கும்போது, பெரியது சாதனை படைக்க முடியாது. 23ஐ விட்டுவிட்டு 29ஐச் சேர்த்தாலும் அதே கதை: ஒரே பலனுக்கு அதிக விலை. சரி, 23ஐ இரண்டு முறை சேர்த்தால்? எண் 23 மடங்காகும், வகுத்திகள் ஒன்றரை மடங்காகி 15,120 ஆகும். அதற்குப் பதில் நம் எண்ணை 12ஆல் பெருக்குங்கள். 2இன் அடுக்கு 8, 3இன் அடுக்கு 5 என்று உயர்கிறது, வகுத்திகள் 15,552. பாதி விலையில் கூடுதல் பலன். படிக்கட்டின் கடைசியில் 1 மட்டுமே நிற்பதற்கு இதுதான் அடிப்படை.

இத்தனையும் பள்ளி மாணவருக்கு விளங்கிவிடும். ராமானுஜனின் மேதைமை வெளிப்படுவது இதற்கு அடுத்த படியில். ஒரு பெரிய உயர்பகு எண்ணின் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? சந்தையில் விலையும் பலனும் ஒன்றையொன்று நிறுப்பது போல அவர் ஒரு தராசைக் கட்டினார். ஓர் எண்ணின் வகுத்தி எண்ணிக்கையை, அந்த எண்ணின் ஒரு குறிப்பிட்ட சிறு அடுக்கால் வகுக்க வேண்டும். இந்த விகிதத்தில் மற்ற எல்லா எண்களையும் வெல்லும் எண்ணை மேல்நிலை உயர்பகு எண் என்று அழைப்போம். உயர்பகு எண்களிலும் இவை தேர்ந்தெடுத்த சில. இவற்றின் அடுக்குகளைக் கணக்கிட ஒரே ஒரு சூத்திரம் போதும் என்று அவர் கண்டார்.

சிறு அடுக்காக 0.207ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பகா எண்ணை 0.207 அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1ஐக் கழித்து, வரும் விடையால் 1ஐ வகுக்க வேண்டும். கிடைப்பதில் முழு எண் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்னத்தை விட்டுவிட வேண்டும். 2க்கு இந்தக் கணக்கு 6.48 தருகிறது, ஆகவே அடுக்கு 6. 3க்கு 3.92, அடுக்கு 3. 5க்கு 2.53, அடுக்கு 2. 7க்கு 2.02, மயிரிழையில் 2. 11 முதல் 23 வரை ஒன்றுக்கு மேல் இரண்டுக்குள், எனவே 1. 23க்குக் கிடைப்பது 1.09. 29க்கு 0.99, அதாவது பூஜ்யம். 29 வாசலிலேயே நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது 22,48,77,61,29,600. இதற்கு 8,064 வகுத்திகள். இதை 3ஆல் பெருக்குங்கள், நம் எண் வந்துவிடும். 3க்குக் கிடைத்த 3.92 கிட்டத்தட்ட 4தானே. தராசில் விடுபட்ட அந்தச் சிறு குறையை ஈடுகட்டினால் பட்டியலின் கடைசி எண் பிறக்கிறது. முதன்முதல் இந்தக் கணக்கை நானே போட்டு, எண்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்வதைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் நிற்கிறது.

படிகள் எங்கெங்கே இறங்கும் என்பதையும் அவர் கட்டுரை சொல்கிறது. எண் மிகப் பெரிதாகும்போது, அடுக்கு குறைந்தது 2 ஆக இருக்கும் கடைசிப் பகா எண், மொத்தத்தில் கடைசிப் பகா எண்ணின் 0.585 அடுக்கை நெருங்கும். 0.585 என்பது ஒன்றரையின் மடக்கையை இரண்டின் மடக்கையால் வகுத்தால் வருவது. ஒரு பகா எண்ணை முதல் முறை சேர்த்தால் வகுத்திகள் இருமடங்காகும், இரண்டாம் முறை சேர்த்தால் ஒன்றரை மடங்காகும். அந்த இரண்டு பலன்களின் விகிதம்தான் அது. நம் எண்ணில் கடைசிப் பகா எண் 23. அதன் 0.585 அடுக்கு சுமார் 6.3. உண்மையில் படி இறங்குவது 7இல். முடிவிலியை நோக்கிப் போகிறவற்றுக்கான விதி, பதின்மூன்று இலக்க எண்ணிலேயே இவ்வளவு நெருங்கி வருகிறது.

மனிதர்கள் இந்த எண்களின் பயனைக் கணிதத்துக்கு வெளியே வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். வருடத்துக்கு 12 மாதம், நாளுக்கு 24 மணி அல்லது 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. எல்லாம் ராமானுஜன் பட்டியலில் இருப்பவை. பங்கு பிரிக்கவேண்டிய இடத்தில் எளிதாகப் பிரியும் எண் வேண்டும் என்ற அனுபவ அறிவு அது. பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தன் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் வேண்டும் என்று நிர்ணயித்ததும் இதே காரணத்துக்காக. 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் எண் அது. நிலம் பிரிக்கவும் வரி வசூலிக்கவும் படை திரட்டவும் வசதி. நம் முன்னோர் கீழ்வாய் இலக்கத்தில் கையாண்ட முந்திரி 320இல் ஒரு பங்கு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் போகவும், மா, காணி என்று ஐந்தின் வழியே போகவும் அது ஏற்றது. ஆனால் 320 மூன்றால் வகுபடாது; அதன் வகுத்திகள் 14. ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 1912 முதல் எழுத்தராக இருந்தபோது அவர் கையாண்ட ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. அதற்கும் வகுத்திகள் 14தான். 1914 ஏப்ரலில் அவர் போய் இறங்கிய இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி. 240 பென்னி, 20 வகுத்திகள், உயர்பகு எண். நாணயத்துக்கும் அவர் ஆய்வுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பட்டியலில் இருக்கும் எண்கள் அன்றாடம் மனிதர் கையில் புழங்கியவை என்பதைச் சொல்ல வருகிறேன்.

கட்டுரை வெளிவந்த காலம் முதல் உலகப் போர்க் காலம். லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்க, ராமானுஜன் எழுதியதில் ஒரு பெரும் பகுதி அச்சேறாமல் விடப்பட்டது. அச்சான பகுதியே 63 பக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பட்டம் அளித்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர் பெற்ற முதல் பட்டம் அது.

கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு வழிகாட்டிய கணித அறிஞர் ஹார்டிக்கு இந்தக் கட்டுரையின் மீது மதிப்பு இருந்தது, கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய அறிக்கையில், ராமானுஜன் காட்டிய நுண்ணறிவை மனமாரப் புகழ்ந்தார். ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் விசித்திரமானது, கணித ஆய்வின் பெருவழிகளிலிருந்து விலகி நிற்பது என்றும் குறிப்பிட்டார். நதியின் நடு ஓட்டத்தில் அல்லாமல் ஒதுங்கிய ஓடையில் ராமானுஜன் நீந்துகிறார் என்பது அதன் பொருள். ஹார்டியின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை; அன்று கணித உலகில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மதிப்பீடு தவறு. பின்னால் நடந்தவை அதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

முதல் சான்று ஹார்டியின் கையாலேயே வந்தது. வகுத்திகள் மிக நிறைந்த எண்களைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு, சாதாரண எண் எப்படி இருக்கும் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1917இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து விடை சொன்னார்கள். ஓர் எண்ணுக்கு வழக்கமாக இருக்கும் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்தால் வருவதைச் சுற்றியே இருக்கும். நம் எண் இருக்கும் பகுதியில் அது சுமார் 3.4. நம் எண்ணுக்கோ ஒன்பது. 1934இல் பால் டுரான் அதை எளிமையாக நிறுவிக் காட்டினார். 1940இல் எர்டோஷும் மார்க் காட்ஸும் அந்த எண்ணிக்கையின் பரவல் நிகழ்தகவு இயலின் மணி வளைவுதான் என்று கண்டார்கள். நிகழ்தகவு வழி எண்ணியல் என்று ஒரு துறை அதிலிருந்து வளர்ந்தது.

1944இல் எர்டோஷ் இந்தக் கட்டுரைக்கே நேரடியாகத் திரும்பி வந்தார். அடுத்தடுத்த உயர்பகு எண்களுக்கு இடையிலான விகிதம் 1ஐ நெருங்கிக்கொண்டே போகும் என்று ராமானுஜன் நிறுவியிருந்தார். பட்டியலின் முடிவில் அந்த நெருக்கம் இன்னும் வரவில்லை. நம் எண்ணுக்கு முந்தையது 44,97,55,22,59,200, பிந்தையது 89,95,10,45,18,400. ஒன்றரை மடங்கு, பிறகு ஒன்றே மூன்றில் ஒரு மடங்கு. ஆனால் போகப்போக உயர்பகு எண்கள் எவ்வளவு நெருக்கமாகின்றன என்பதை ராமானுஜனைவிடக் கூர்மையாக எர்டோஷ் அளந்தார். அதே ஆண்டு அலாவோக்லுவுடன் சேர்ந்து, வகுத்திகளின் எண்ணிக்கைக்குப் பதில் அவற்றின் கூட்டுத்தொகையை வைத்து இதே போன்ற எண்களை ஆராய்ந்தார். ராமானுஜனின் அச்சேறாத தாள்களில் அந்த எண்கள் ஏற்கெனவே இருந்தன என்பது அன்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

வகுத்திகள் எவ்வளவுதான் பெருக முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சுவீடன் நாட்டு விகெர்ட் 1907இல் ஒரு வாய்பாடு தந்தார்; ராமானுஜன் அதை மிகவும் கூர்மையாக்கினார். முடிவிலியை நோக்கிப் போகும்போது அந்த வாய்பாடு சரி. ஆனால் நம் கைக்கு எட்டும் எண்களில் உண்மை அதை மீறி நிற்கிறது. மீறல் உச்சத்தைத் தொடுவது எங்கே? 1983இல் ழான்-லூயி நிக்கோலாவும் கி ராபினும் கண்டுபிடித்தார்கள்: 6,98,37,76,800 என்ற எண்ணில், மடக்கைக் கணக்கில் 1.5379 மடங்கு. அதற்கு 2,304 வகுத்திகள். இந்த எண்ணும் ராமானுஜன் பட்டியலில் இருக்கிறது. அந்த உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிய சரிவில், 1.524 மடங்கில் நிற்கிறது நம் எண்.

இனி அந்த அச்சேறாத பக்கங்களுக்கு வருவோம். 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டுப் புத்தக’த்தைக் கண்டெடுத்தார். 1988இல் அது புது டெல்லியில் படிப்பதிப்பாக வெளிவந்தபோது, உயர்பகு எண் கட்டுரையின் விடுபட்ட பகுதியும் அதில் சேர்ந்து வந்தது. அதை நிக்கோலாவும் ராபினும் குறிப்புரையோடு பதிப்பித்தார்கள். சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி தொடங்கிய ராமானுஜன் பெயரிலான ஆய்விதழின் முதல் தொகுதியில், 1997இல் அது இடம்பெற்றது. கட்டுரை வெளியாகி 82 ஆண்டுகளுக்குப் பிறகு.

ராபின் அதற்குள் தன் வழியில் ஒரு முடிவை எட்டியிருந்தார். ஓர் எண்ணின் எல்லா வகுத்திகளையும் கூட்டி, அந்த எண்ணால் வகுங்கள். நம் எண்ணுக்கு இது சுமார் 5.84. இன்னொரு பக்கம், எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்து, 1.781 என்ற மாறிலியால் பெருக்குங்கள். நம் எண்ணுக்கு இது சுமார் 6.03. முதலாவது இரண்டாவதைவிடச் சிறிதாக இருக்கிறது. 5,040ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படியே இருக்கும் என்று நிறுவிவிட்டால், ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். இதுதான் 1984இல் ராபின் நிறுவியது. 1859 முதல் யாராலும் தீர்க்க முடியாமல் இருக்கும் ரீமான் கருதுகோள், பகா எண்களின் பரவலைப் பற்றிய மிகப் பெரிய கேள்வி. அதன் விடை, வகுத்திகளால் நிரம்பி வழியும் பகு எண்களில் அடங்கிக் கிடக்கிறது! 5,040 அந்த எல்லையை மீறுகிறது: அதன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 19,344, விகிதம் 3.838; எல்லையோ 3.817. பிளேட்டோ தேர்ந்தெடுத்த அதே எண், இதுவரை தெரிந்த கடைசி மீறல்.

விடுபட்ட பக்கங்கள் வெளிவந்தபோது அதில் ராபின் தேற்றத்தின் ஒரு பாதி இருந்தது. ரீமான் கருதுகோள் உண்மையென்று கொண்டால், போதுமான அளவு பெரிய எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த எல்லை பொருந்தும் என்பதை ராமானுஜன் அப்போதே எழுதிவைத்திருந்தார். ஒதுங்கிய ஓடை என்று நினைத்தது நதியின் ஊற்றுக்கண்ணுக்கு அருகில் ஓடியிருக்கிறது. அச்சுக்கூலிக்குப் பணம் இருந்திருந்தால் எண்ணியல் ஆய்வாளர்கள் அதை எழுபது எண்பது ஆண்டுகள் முன்பே படித்திருப்பார்கள். இந்த இழப்பை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்று நிரல் எழுதத் தெரிந்த மாணவர் எவரும் சில நொடிகளில் ராமானுஜனின் பட்டியலைத் தாண்டிப் போய்விடலாம். 1983இல் ராபின் முதல் 5,000 உயர்பகு எண்களையும் தொகுத்துவிட்டார். பதினெட்டு இலக்கங்களுக்குள் அடங்கும் எண்களில் மிக அதிக வகுத்திகள் கொண்டதற்கு 1,03,680 வகுத்திகள் என்பது நிரல் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு மனப்பாடம். அப்படிச் சரிபார்த்ததில் ஒன்று தெரியவந்தது. ராமானுஜன் கையால் போட்ட பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட எண்களில், ஒன்றே ஒன்று.

அந்த எண் 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. அதற்கு முந்தைய உயர்பகு எண் 2,40,94,02,99,600. அதற்கு 4,800 வகுத்திகள். பிந்தையது 3,21,25,37,32,800, அதற்கு 5,376. இரண்டுமே 23 வரை நீண்டவை, இரண்டிலும் 7 ஒரே முறை வருகிறது. நடுவில் இருக்கும் இது மட்டும் 23ஐத் தொடாமல் 19இலேயே நின்று, அதற்கு ஈடாக 7ஐ இரண்டு முறை எடுத்துக்கொண்டிருக்கிறது. படிக்கட்டு ஏற்கெனவே ஒரு படி நீண்டுவிட்ட இடத்தில், பின்னோக்கி ஒரு படி சுருங்கிய எண்ணைத் தேடிப் பார்க்க கைக்கணக்கில் தோன்றாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். அதன் காரணி வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, விடுபட்ட அந்த எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி வரியில் ராமானுஜன் எழுதிய எண் கிடைக்கும்.